தேள் கொடுக்கு: பாடகன் இல்லாத ஆல்பம்

அத்தியாயம் 11: டாக்டர் சொன்னது

கிளவுஸ் மைனேவுக்குக் குரல் போய்விட்டது.

ஜலதோஷம் பிடித்து இரண்டு நாள் கம்மிப்போய், மிளகு ரசம் குடித்தால் சரியாகிவிடும் என்கிற ரகம் இல்லை. வருடம் 1981. ஸ்கார்பியன்ஸ் தங்களுடைய எட்டாவது ஸ்டுடியோ ஆல்பத்துக்கான வேலையில் இறங்கியிருந்தார்கள். கிடார்காரர் ரூடால்ஃப் ஷெங்கரிடம் மெட்டுகள் தயார். பாட்டெழுத டிரம்ஸ்காரர் ஹெர்மன் ரேர்பெல் தயார். பாட வேண்டியவரால் மட்டும் பாட முடியவில்லை.

இது எப்பேர்ப்பட்ட நேரத்தில் வந்த இடி என்று புரிய, முந்தைய இரண்டு வருடங்களைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1979 ஜூலை 28 அன்று கிளீவ்லேண்ட் ஸ்டேடியத்தில் ஏரோஸ்மித், டெட் நியூஜென்ட், ஜர்னி, தின் லிஸ்ஸி, ஏசி/டிசி என்று பெரிய தலைகள் வரிசையாக நிற்க, இந்த ஜெர்மானியர்கள் முதல் தடவையாக அமெரிக்க மேடை ஏறியதைப் பார்த்தோம். மறு வருடமே ஜூடாஸ் பிரீஸ்ட், டெஃப் லெப்பர்ட் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றினார்கள். ‘லவ்டிரைவ்’ அமெரிக்கப் பட்டியலில் 55-வது இடம் பிடித்தது, ‘அனிமல் மேக்னடிசம்’ 52-வது இடம். மூன்றே படிதான் ஏறியிருந்தார்கள், ஆனால் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஆங்கிலத்தில் பாடும் ஒரு ஹெவி மெட்டல் குழு அமெரிக்காவில் தட்டு விற்பதென்பதே அன்றைக்கு நம்ப முடியாத சமாச்சாரம். அடுத்த ஆல்பம் கதவை உடைக்க வேண்டும். உடைக்கவில்லையென்றால் முதல் குழுவாக மேடையேறி, ஜனம் உள்ளே வந்து உட்காருவதற்குள் வாசித்து முடித்து இறங்கும் பிழைப்புதான் நிரந்தரம்.

அந்தக் கதவை உடைக்கும் ஆயுதம் கிளவுஸின் தொண்டை. மெட்டல் கிடாரின் சத்தம் இடையில் எதையும் விட்டுவைக்காது. அந்தச் சத்தத்தின் உள்ளே நின்று பாடினால் காணாமல் போய்விடுவோம், அதற்கு மேலே ஏறிப் பாட வேண்டும். கிளவுஸ் ஏறுவார். உச்சத்தில் போய்க் கத்தும்போதும் அதில் ஒரு ராகம் இருக்கும். அது அலறலா பாட்டா என்று பிரிக்க முடியாது. இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து பழைய தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1975-ன் ‘இன் டிரான்ஸ்’ தொடங்கி ஒவ்வோர் ஆல்பத்திலும் அவர் அந்த உச்சியில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குகிறார். கேட்க சுகம். தொண்டைக்கு?

குரல்வளைக்குள் இரண்டு சதை மடிப்புகள். ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம். மூச்சு வெளியே வரும்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதி மோதி அதிர்கின்றன, அதுதான் குரல். சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை. மேல் ஸ்தாயியில் நின்று பிடித்தால் நானூறு, ஐநூறு தடவை. ஒரு நொடிக்கு அவ்வளவு என்றால் ஒரு பாட்டுக்கு எவ்வளவு, ஒரு கச்சேரிக்கு எவ்வளவு, தினம் ஓர் ஊர் என்று மாதக்கணக்கில் போகும் பயணத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மண்வெட்டி பிடிக்கிற உள்ளங்கை காய்த்துப் போவதுபோல அந்த மடிப்புகளின் ஓரமும் காய்த்துப் போகும். சிலருக்குச் சதையே திரண்டு கொப்புளம்போல வளரும். பிறகு இரண்டு மடிப்பும் முழுசாக மூடாது. இடையில் விழுந்த சந்து வழியாகக் காற்று ஒழுகும். பேச்சு கரகரக்கும். மேல் ஸ்தாயி முதலில் போகும்.

கிளவுஸுக்கு அதுதான் நடந்தது. குரல்நாண்களில் வளர்ச்சி, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். செய்தாலும் பழைய குரல் வருமா? வேறு தொழில் பார்த்துக்கொள்வது நல்லது என்கிற அளவுக்கு ஒரு டாக்டர் சொல்லிவிட்டதாக கிளவுஸ் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வயது 33. இளமையில் அலங்காரக் கலைஞர் வேலைக்குப் பயிற்சி எடுத்தவர். 1970 வாக்கில் ரூடால்ஃபின் குழுவில் சேர்ந்ததிலிருந்து அந்த வேலையைத் திரும்பிப் பார்க்க அவசியம் வரவில்லை. இப்போது வந்துவிடும்போல இருந்தது.

குழுவினரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோ செலவு ஓடிக்கொண்டிருக்கிறது, இசைத்தட்டு நிறுவனம் ஆல்பத்துக்காகக் காத்திருக்கிறது. கிளவுஸ் சுற்றி வளைக்கவில்லை. எனக்காக நிற்காதீர்கள், வேறு பாடகரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார்.

எல்லோரும் ரூடால்ஃபின் முகத்தைப் பார்த்தார்கள்.

அத்தியாயம் 12: மைக் முன்னால் வேறொருவர்

ரூடால்ஃப் ஷெங்கரின் இடத்தில் வேறு யார் இருந்தாலும் சரி என்று தலையாட்டியிருப்பார்கள். தப்பும் சொல்ல முடியாது. அந்த ஒன்றிரண்டு வருடங்களில் ராக் உலகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

1979-ல் பிளாக் சாபத் தங்கள் பாடகர் ஆஸி ஆஸ்போர்னை வெளியேற்றியது. ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார், அடுத்த ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. 1980 பிப்ரவரியில் ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்துபோனார். ஐந்தே மாதத்தில் பிரையன் ஜான்சன் என்கிற புதியவரை வைத்து ‘பேக் இன் பிளாக்’ வந்துவிட்டது. உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று அது. 1981-ல், கிளவுஸ் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே வருடம், அயர்ன் மெய்டன் பால் டியானோவை அனுப்பிவிட்டு புரூஸ் டிக்கின்சனைக் கொண்டுவந்தது. அந்த முடிவு எங்கே போய் முடிந்தது என்பதை மெட்டல் கேட்கிற பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்லும்.

ஆக, பாடகரை மாற்றினால் குழு செத்துவிடும் என்ற பழைய பயத்துக்கு அன்றைக்கு ஆதாரமே இல்லை. மாற்றியவர்கள் எல்லாரும் நன்றாகவே இருந்தார்கள்.

ஸ்கார்பியன்ஸ் ஒன்றும் ஆள் மாற்றத் தெரியாத குழுவும் இல்லை. ரூடால்ஃபின் சொந்தத் தம்பி மைக்கேல் 1973-ல் யூஎஃப்ஓ என்ற பிரிட்டிஷ் குழுவுக்குப் போனதையும், அந்த இடத்துக்கு உலி ஜான் ரோத் வந்து ஐந்து வருடம் வாசித்துவிட்டு 1978-ல் போனதையும் விரிவாகப் பார்த்தோம். டிரம்ஸில் வந்துபோனவர்களின் கணக்கு தனி. மத்தியாஸ் யாப்ஸுக்கு நடந்தது இன்னும் மோசம். லண்டனில் விளம்பரம் கொடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட கிடார்காரர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒருவரும் சரிப்படாமல், கடைசியில் சொந்த ஊர் ஹானோவரிலேயே அவரைப் பிடித்தார்கள். தம்பி திரும்பி வருகிறான் என்றதும் ‘மன்னிக்கணும் மத்தியாஸ்’ என்று வெளியே அனுப்பினார்கள். தம்பி பயணத்தின் நடுவில் நின்றுவிட்டதும் மறுபடி மத்தியாஸ் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் திரும்பி வந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் உண்டு. நானாக இருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டேன்.

இவ்வளவையும் செய்த ரூடால்ஃப், கிளவுஸ் விஷயத்தில் ஒரே முடிவாகச் சொன்னார்: காத்திருப்போம்.

பத்து வருட நட்பு ஒரு காரணம். கிளவுஸும் ரூடால்ஃபும் 1948-ல் மூன்று மாத இடைவெளியில் பிறந்தவர்கள்; ஒரே வயது, ஒரே வெறி. ஆனால் நட்பை மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. தம்பியைவிடவா நண்பன் பெரிசு? ரூடால்ஃப் மெட்டு போடுவார், அதில் குரல் போகும் பாதையும் வரிகளும் கிளவுஸிடமிருந்து வரும். அந்தக் கூட்டுக்கணக்கில் ஓர் ஆளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஸ்கார்பியன்ஸ் என்ற பெயர் மட்டும்தான். கிடார்காரர்கள் போனபோதெல்லாம் அந்தக் கணக்கு அப்படியே இருந்தது. ரூடால்ஃப் உணர்ச்சிவசப்படுகிற மனிதர்போலத் தெரிந்தாலும் வியாபாரம் தெரிந்தவர் என்பது என் எண்ணம்.

கிளவுஸ் அறுவை சிகிச்சைக்குப் போனார். ஒன்று போதவில்லை, இரண்டாவதும் செய்ய வேண்டி வந்தது.

காத்திருப்போம் என்று சொல்லிவிடலாம். காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது? ஆல்பத்தின் தயாரிப்பாளர் டீட்டர் டியர்க்ஸ். கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்டொம்மெல்ன் என்ற சிற்றூரில் ஸ்டுடியோ கட்டி, அதை ஐரோப்பா முழுக்கப் பேசவைத்த ஆள். 1975 முதல் ஸ்கார்பியன்ஸ் தட்டுகள் எல்லாம் அவர் கைவண்ணம். நகரும் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றும் அவரிடம் இருந்தது. தெற்கு பிரான்ஸில் வில்லா சான் பெக்கேர் என்ற மாளிகைக்கு அதைக் கொண்டுபோய், அங்கேயே குழுவைத் தங்கவைத்துப் பதிவு செய்வதாகத் திட்டம். மத்தியதரைக் கடல் பக்கத்து வெயில், பெரிய அறைகள், தொந்தரவுக்கு ஆள் இல்லை.

கிடார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தால் போதாதா, குரலைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். மெட்டலில் அது அத்தனை சுலபம் இல்லை. குரல் எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால்தான் கிடார்காரருக்கு எங்கே இடம் விடுவது, எங்கே நிரப்புவது என்று புரியும். டிரம்ஸ்காரர் ஒரு வரியின் முடிவில் உருட்டுவதும் அதை வைத்துத்தான். நம் ஊர் சினிமாவில் பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் ஒருவர் டிராக் பாடி வைப்பார் இல்லையா, அப்படி ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதுவும் கிளவுஸ் பாடுகிற உயரத்தில் பாடக்கூடிய ஆள்.

அப்படி ஒருவர் ஜெர்மனியிலேயே இருந்தார். ஜெர்மானியர் இல்லை, லாஸ் ஏஞ்சலஸ்காரர். பெயர் டான் டாக்கென்.

தன் பெயரிலேயே ஒரு குழுவை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் கதவு திறக்காமல் ஜெர்மனிப் பக்கம் வந்து அலைந்துகொண்டிருந்த இளைஞர். மைக்கேல் வாகனர் என்ற ஜெர்மன் ஒலிப்பதிவாளரின் சிநேகம் இருந்தது. நல்ல குரல், உச்சத்தில் நிற்கும் குரல். முகவெட்டும் ஒரு முன்னணிப் பாடகருக்கு உரியது. டியர்க்ஸ் அவரைக் கூப்பிட்டார். ஸ்கார்பியன்ஸின் புதுப் பாட்டுகளை டான் டாக்கென் பாட ஆரம்பித்தார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். பதிவு செய்யும் நாடாவில் இப்போது ஒரு முழுப் பாட்டு இருக்கிறது. கிடார், டிரம்ஸ், மேலே ஒரு குரல். தாய்மொழியே ஆங்கிலமான, உச்சரிப்பில் ஜெர்மன் வாடை இல்லாத அமெரிக்கக் குரல். குழு எந்த நாட்டின் சந்தையைப் பிடிக்கத் துடிக்கிறதோ அந்த நாட்டுக் குரல். இன்னொரு பக்கம் கிளவுஸ், கத்தி பட்ட தொண்டையோடு.

டியர்க்ஸ், டான் செய்த வேலைக்குக் கைம்மாறாக மிச்சமிருந்த ஸ்டுடியோ நேரத்தை அவருடைய சொந்தப் பாட்டுகளுக்குக் கொடுத்தார். அது பிரெஞ்சு நிறுவனமான கரேர் வழியாக டாக்கென் குழுவின் முதல் தட்டு வெளிவருவதில் போய் முடிந்தது. ஆக, டானுக்கு லாபம். ஸ்கார்பியன்ஸுக்கு?

இரண்டாவது அறுவை சிகிச்சையும் முடிந்தது. கிளவுஸ் மைக் முன்னால் வந்து நிற்கும் நாள் வந்தது.

அத்தியாயம் 13: முள்கரண்டி

குரல்நாணில் கத்தி வைத்தபிறகு முதல் மருந்து மௌனம். இருமக்கூடக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பிறகு ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல மெல்லிய ஓசை, ஒரு ஸ்வரம், இரண்டு ஸ்வரம். மடிப்பின் மேல் படலம் ஆறி வழுவழுப்பாக வருகிறதா, தழும்பு கட்டி விறைத்துவிடுகிறதா என்பது டாக்டர் கையில்கூட முழுசாக இல்லை. விறைத்துவிட்டால் பேச்சு வரும், பாட்டு வராது.

பத்து வருடமாகத் தொண்டையை அதன் போக்கில் விட்டுப் பாடிக்கொண்டிருந்தவர் கிளவுஸ். இப்போது முறையாகக் குரல் பயிற்சி எடுத்தார். மூச்சை எங்கிருந்து எடுப்பது, பாரத்தைத் தொண்டையிலிருந்து வயிற்றுக்கு எப்படி இறக்குவது என்று அடிப்படையிலிருந்து.

அப்புறம் பாடினார்.

ஒன்பது பாட்டு, 36 நிமிடச் சொச்சம். ஆல்பத்தின் பெயர் ‘பிளாக்அவுட்’. முன்னணிக் குரல் முழுக்க கிளவுஸ் மைனே.

தலைப்புப் பாட்டை முதலில் வைத்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலைச் சொல்ல வேண்டும். தொண்டை போய்விட்டது என்று ஊருக்கே தெரிந்த ஒரு பாடகரை, பதமாக ஒரு மெல்லிய பாட்டில் அறிமுகப்படுத்திவிட்டு மெதுவாக மேலே ஏற்றலாம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஊசி தட்டில் விழுந்ததும் ரூடால்ஃபின் கிடார் வாரிக்கொண்டு கிளம்புகிறது, கிளவுஸ் நேராக உச்சியில். முடிவில் ஒரு நீண்ட அலறல், அதன்மேல் கண்ணாடி நொறுங்குகிற சத்தம். பழைய தட்டுகளைக் கேட்டுவிட்டு உடனே இதைக் கேட்டால் வித்தியாசம் தெரியும்: குரலின் ஓரம் முன்னைவிடக் கூர்மை. முன்பு உச்சியில் ஒரு நடுக்கம் இருக்கும், அதில் ஒரு அழகும் இருந்தது. இப்போது அது இல்லை. ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

அந்தப் பாட்டின் வரிகளில் ஹெர்மன் ரேர்பெலுக்குப் பெரிய பங்கு. பல வருடம் லண்டனில் குப்பை கொட்டியவர் என்பதால் குழுவில் ஆங்கிலம் சரளமாக வந்தது அவருக்குத்தான். அமெரிக்கப் பயணத்தில் ஓர் இரவு மட்டில்லாமல் குடித்து நினைவு தப்பிய அனுபவத்தில் பிறந்த பாட்டு அது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய நெருக்கடிக்குப் பிறகு வந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, பாடகரின் அவஸ்தையைப் பற்றி இல்லாமல் டிரம்ஸ்காரரின் குடிமயக்கத்தைப் பற்றி இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இவர்களுக்குச் சோக கீதம் பாடத் தெரியாது.

‘நோ ஒன் லைக் யூ’தான் வியாபாரத்தை முடித்துக் கொடுத்த பாட்டு. இரண்டு கிடார்கள் கைகோத்துக்கொண்டு தொடங்கும் மெட்டு, அடங்கிய குரலில் சரணம், பிறகு மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடுகிற பல்லவி. வீட்டைப் பிரிந்து ஊர் சுற்றுகிற பாட்டுக்காரனின் ஏக்கம். ‘சைனா ஒயிட்’ ஏழு நிமிடத்துக்கு மலைப்பாம்பு மாதிரி நகரும் கனத்த பாட்டு, தட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. ‘அரிசோனா’வை இடம் நிரப்பச் சேர்த்தார்கள் என்றுதான் தோன்றுகிறது, அதன் ரசிகர்கள் கடிதம் எழுதித் திட்டலாம். கடைசிப் பாட்டு மட்டும் மெல்லிசை. கச்சேரி முடிந்து, புகை அடங்கி, ஜனம் கலைந்தபிறகு வெறும் மேடைக்குத் திரும்பிவந்து நிற்கும் பாடகனைப் பற்றியது. மேடை இனி இல்லையோ என்று பயந்த ஆள் பாடியது என்று தெரிந்து கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது.

டான் டாக்கென் என்ன ஆனார்? தட்டின் உள்ளுறையில் நன்றிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. பின்னணிக் குரல் கொடுத்தவர்கள் என்ற இடத்தில் இல்லை. ரசிகர்கள் விடுவார்களா? ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பல்லவிகளுக்குள் புகுந்து ‘இதோ டான், இதோ கேள்’ என்று நாற்பது வருடமாகத் துப்பறிந்துகொண்டிருக்கிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். பல குரல்களை அடுக்கிக் கலந்த பல்லவியில் யாருடைய குரல் யாருடையது என்று சத்தியம் பண்ண என் காதுக்குத் திராணி இல்லை.

அட்டைப்படத்துக்கு வருவோம். முந்தைய தட்டுகளின் அட்டைகளால் கடைக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் இவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை முன் அத்தியாயங்களில் பார்த்தோம். இந்தத் தடவை கோட்ஃபிரீட் ஹெல்ன்வைன் என்ற ஆஸ்திரிய ஓவியரின் சுய உருவப்படத்தை எடுத்தார்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த முள்கரண்டிகள் கவ்வியிருக்கின்றன. வாய் கிழியும் அலறல், எதிரே கண்ணாடி வெடித்துச் சிதறுகிறது. கட்டுப் போட்ட முகங்களையும் காயங்களையும் வைத்தே வியன்னாவை மிரட்டிக்கொண்டிருந்தவர் ஹெல்ன்வைன். கிளவுஸின் தொண்டைக்காக அவர் அதைக் கற்பனை செய்யவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் கட்டிப்போட்ட ஒரு மனிதனின் ஆல்பத்துக்கு, கட்டுப் போட்ட ஒருவன் கண்ணாடி உடையும்படி அலறுகிற படம் வந்து வாய்த்தது.

1982 மார்ச் கடைசியில் தட்டு கடைக்கு வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அயர்ன் மெய்டன், பாடகரை மாற்றிய கையோடு, ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ ஆல்பத்தை வெளியிட்டு பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. மாற்றியவர்களும் காத்திருந்தவர்களும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில்.

அமெரிக்காவில் எம்டிவி என்ற தொலைக்காட்சி தொடங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. நாள் முழுக்கப் பாட்டு ஒளிபரப்ப வேண்டும், கையில் போதிய படங்கள் இல்லை, கிடைத்ததையெல்லாம் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரே தண்ணீர் சூழ்ந்த அல்காட்ரஸ் சிறை, 1963-ல் மூடப்பட்டது. அங்கே போய் ‘நோ ஒன் லைக் யூ’வுக்குப் படம் எடுத்தார்கள். கிளவுஸ் கைதி. ரூடால்ஃப் தலையில் கட்டும் கண்ணில் முள்கரண்டியுமாக அட்டைப்பட மனிதனாகவே வந்து நின்றார். ஸ்கார்பியன்ஸ் என்ற பெயரே தெரியாத பிள்ளைகள்கூட அந்த முகத்தை மறக்கவில்லை. பாட்டு, பில்போர்டின் ராக் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

ஆல்பம்? 52-வது இடத்தோடு நின்றிருந்த குழு 10-வது இடத்துக்கு வந்தது. சில மாதங்களிலேயே தங்கத் தட்டு, பிற்பாடு பத்து லட்சம் தாண்டி பிளாட்டினம். 1982-ன் அமெரிக்கப் பயணத்தில் ஸ்கார்பியன்ஸ் கடைசியாக மேடையேறும் குழு. அவர்களுக்கு முன்னால் ஏறி ஜனத்தைச் சூடேற்றிய குழுக்களில் ஒன்று, நம்புங்கள், அயர்ன் மெய்டன்.

மறு வருடம் மே 29. ஆப்பிள் கம்ப்யூட்டரின் ஸ்டீவ் வாஸ்னியாக் தன் காசைப் போட்டு, கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ பக்கத்துப் பொட்டலில் நடத்திய யூஎஸ் ஃபெஸ்டிவலில் அன்றைக்கு மெட்டல் நாள். கொளுத்துகிற வெயில், புழுதி, லட்சக்கணக்கில் கூட்டம். குவைட் ரயட், மாட்லி குரூ, ஆஸி ஆஸ்போர்ன், ஜூடாஸ் பிரீஸ்ட், டிரையம்ஃப் எல்லோரும் வாசித்து இறங்கியாகிவிட்டது. கடைசியாக வரப்போகும் வான் ஹாலனுக்கு அந்த ஒரு மேடைக்கு மட்டும் 15 லட்சம் டாலர். இரண்டுக்கும் நடுவில் ஸ்கார்பியன்ஸ். மூன்று வருடம் முன்பு ஜூடாஸ் பிரீஸ்டுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவர்கள், இப்போது அவர்களுக்குப் பின்னால் ஏறினார்கள். கிளவுஸ் ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் பாடினார். தொண்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எல்லாம் கூடிவந்துவிட்டது என்று நினைப்போம். அடுத்த ஆல்பம் கையெட்டும் தூரத்தில். இவர்களை உலகத்தின் எல்லா மூலைக்கும் கொண்டுபோகப்போகிற பாட்டு அதில் இருக்கிறது. பதிவுக்காக ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குப் போகிறார்கள். அபா குழுவினர் பார்த்துப் பார்த்துக் கட்டிய போலார் ஸ்டுடியோ. ரூடால்ஃப் கிடாரைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். மத்தியாஸ் தயார். கிளவுஸ் தயார், குரல் கணீரென்று இருக்கிறது.

பேஸ் கிடாரைக் கையில் எடுப்பவர் வழக்கமாக வாசிக்கும் ஃபிரான்சிஸ் புக்கோல்ஸ் இல்லை, ரெயின்போ குழுவில் முன்பு வாசித்த ஜிம்மி பெய்ன். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அதே ரெயின்போவிலிருந்து வந்த பாபி ராண்டினெல்லி.

ஹெர்மன் எங்கே?

(தொடரும்)